சக்கரத்தைக் குத்தம் சொல்லாதே மருமவனே

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நீ என்னடான்னா, "மாமா, இந்தத் தண்ணிச் சக்கரத்துல ஏதோ பக் இருக்கு"ங்குத. இருக்கும், இருக்கும். போலந்து நாட்டுல மெக்கனிஸ்ட்ரின்னு கம்பெனி வெச்சிருக்கவங்க 2021 செப்டம்பர்ல இந்த டிம்பர்பார்ன் விளையாட்டை வெளிய விடும்போதே, "திருநெல்வேலிப் பக்கம் ஒரு புத்திசாலி வருவான், அவனுக்கு மட்டும் சுத்தாத சக்கரமாப் பாத்து அனுப்புங்க"ன்னு பேசி வெச்சிருப்பாங்க. ஊரு ஒலகத்துல அத்தனை பேருக்கும் சுத்துற சக்கரம், ஒன் கண்ணைக் கண்டதும் நின்னு போச்சு. நம்பிட்டேன்.

ஒங்க அத்தை முந்தாநாளு ஒன் தோளுக்குப் பின்னால நின்னு பாத்துட்டு எங்கிட்ட வந்து, "பெருச்சாளியெல்லாம் கட்டடம் கட்டிக்கிட்டுத் திரியுதே, புள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?"ன்னு கேட்டா. நாந்தான் ஒன் மானத்தைக் காப்பாத்தினேன். அது பெருச்சாளி இல்ல, பீவரு. பெருச்சாளிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அவ்வளவுதான். மனுசன் பூமியைப் பாழாக்கிட்டு ஒழிஞ்ச பொறவு, அந்தப் பல்லு நீண்ட ஜந்து மரத்தை அறுத்து, ஆத்தைக் கட்டி, ஊரு நடத்துது. நம்ம மருமவன் அதுக்கு நாட்டாமை. இப்படி எடுத்துச் சொன்னதும் அவளுக்கு மனசு ஆறிட்டு. "நாட்டாமைக்கு இன்னும் அரிசி வேக வைக்கத் தெரியாது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

சரி, சங்கதிக்கு வாரேன். மொதல்ல ஒண்ணு கேக்கேன், கோவப்படாம பதில் சொல்லு. நிக்கது சக்கரமா, மில்லா?

பாத்தியா, முழிக்க. மில்லு ஓடலைன்னா ஒடனே ஆத்துப்பக்கம் ஓடுத. அறுவை மில்லுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாத்தியா? அறுக்கக் கட்டை இருக்கா? அறுத்த பலகையைப் போட எடம் இருக்கா? கிட்டங்கி நெறஞ்சு போனா மில்லு கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கும், நீ ஆயிரம் குதிரைச் சக்தி குடுத்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கும். வேலைக்கு ஆளு போட்டிருக்கியா? போட்ட ஆளு தாகத்துல செத்துட்டானா? இதெல்லாம் போகட்டும், அங்க பொழுது அடைஞ்சிட்டான்னு பாத்தியா? பீவருக்கு வேலை நேரம்னு ஒண்ணு உண்டு. அது முடிஞ்சா படுத்துத் தூங்கும். ஒன்ன மாதிரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணைச் செவக்க வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க அதுக்கு என்ன, விதியா?

மில்லு மேல பழுது இல்ல, சக்திதான் வரலைன்னு தெரிஞ்சா, அதுக்குப் பொறவு ஷாஃப்ட்டைப் பாரு. சக்கரத்தைத் தொட்டா எவ்வளவு சக்தி வருது, எவ்வளவு வேணும்னு ஒரு கணக்குக் காட்டும். மில்லைத் தொட்டாலும் காட்டும். ரெண்டு எடத்துலயும் ஒரே கணக்குன்னா ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு. வேற வேற கணக்குன்னா நடுவுல எங்கயோ அறுந்து கெடக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் ஒரு கட்டம் இடைவெளி இருக்கும். இல்லன்னா ஒரு துண்டு இன்னும் சாரத்தோட நிக்கும், கட்டப் போன பீவருக்கு அங்க போக வழி இருக்காது. கட்டடத்துக்கும் எல்லாப் பக்கமும் வாய் கெடையாது. இணைப்பு இருக்க பக்கம் பாத்துத்தான் ஷாஃப்ட்டைக் கொண்டு சேக்கணும். நீ அழகுக்காக ஊரைச் சுத்தி ஷாஃப்ட்டை வளைச்சுக் கொண்டு வந்து, மில்லோட மொட்டைச் சொவத்துல முட்டி நிறுத்தியிருக்க. கம்பெனில கோடு எழுதி அதுல தப்புத் தேடுததுக்குத்தான் ஒனக்குச் சம்பளம் தாரான். அங்கயும் இப்படித்தான் தேடுதியோ என்னமோ, நான் கேக்கல.

அடுத்தது கணக்கு. ஒனக்குக் கணக்கு வரும்னு ஒங்க அம்மா சொல்லுவா. அறுவை மில்லுக்கு 50 ஹெச்.பி. பல்சக்கரம் செய்யுத பட்டறைக்கு 120. ரெண்டும் சேந்தா 170. ஒஞ்சக்கரம் தாரது 85ன்னு வெச்சுக்க. அப்ப என்ன நடக்கும்? ஒண்ணு ஓடி ஒண்ணு நிக்காது. ரெண்டும் பாதி வேகத்துல ஊரும். இருக்கதை எல்லாரும் விகிதப்படி பங்கு போட்டுக்கிடும், அதுதான் அந்த ஊரு நியாயம். நீ அதைப் பாத்துட்டு, "எல்லாம் ஓடுது மாமா, ஆனா ஓடாத மாதிரி இருக்கு"ன்னு பெனாத்துத. அந்த ஒரு சக்கரத்தை நம்பி மாவு மில்லு, காகித மில்லுன்னு வரிசையாக் கோத்துவிட்டா வேற எப்படி இருக்கும்? வேண்டாத பட்டறையை நிறுத்தி வை. கிளட்ச்சுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு ஊரை ரெண்டாப் பிரிச்சு வெச்சுக்க. தேவைப்பட்டா சேத்துக்கலாம்.

இந்த ஹெச்.பி. விசயத்துல எனக்கு ஒரு ஆச்சரியம் இன்னும் தீரல. சக்கரத்துக்கு முன்னால நீ ஒரு ஓட்டக்கூண்டு வெச்சிருந்தியே, அதுக்குள்ள ஒரே ஒரு பீவரு ஓடுது, 50 ஹெச்.பி. வருது. நம்ம தோட்டத்துப் பம்ப்செட்டு 5 ஹெச்.பி. அந்த ஒத்தப் பீவரைப் புடிச்சுக் கொண்டுவந்து கெணத்து மேட்டுல ஓடவிட்டா, நம்ம தெருவுல பத்து வீட்டுத் தோட்டம் பாஞ்சிரும், கரண்டு வருதா வரலையான்னு ராத்திரி டார்ச் லைட்டோட அலைய வேண்டாம். ஜேம்ஸ் வாட் பாவம், குதிரையை வெச்சு அளந்து, ஒரு ஹெச்.பி.ன்னா கிட்டத்தட்ட 746 வாட்டுன்னு ஆகுற மாதிரி கணக்கு வெச்சுட்டுப் போனாரு. பீவரை அவரு பாக்கல.

இப்ப ஆத்துக்கு வா. வெவகாரமே இங்கனதான் இருக்கு.

நீ வேலைக்குப் போன பொறவு நான் ஒன் ஊரைத் தெறந்து பாத்தேன். எப்படித் தெறந்தேன்னு கேக்காத. ஒன் பாஸ்வேர்டு ஒன் பேரும் பொறந்த வருசமும்தானே. ஆத்துக்குக் குறுக்க அணை போட்டிருக்க, அழகா இருக்கு. அணைக்கு மேல தண்ணி பரந்து கெடக்கு, கண்ணாடி மாதிரி. அந்தக் கண்ணாடிக்கு நடுவுல ஆறு சக்கரம், வரிசையா, கோயில் தெப்பத்துக்குக் கட்டுன தோரணம் மாதிரி. ஒண்ணுமே அசையல. மேல ஒரு இலை விழுந்தாக்கூட அங்கனயே கெடக்கும்போல.

மருமவனே, ஆழத்தைப் பாத்து மயங்காத. அந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு தண்ணி நிக்கிங்கது கணக்கே இல்ல, எவ்வளவு வேகமா ஓடுதுங்கதுதான் கணக்கு. அதே ஊத்துத் தண்ணிதான் வருது. அது பத்துக் கட்டம் அகலத்துல பரந்தா ஒவ்வொரு கட்டத்துக்கும் துளித்துளியாத்தான் பங்கு விழும். அதையே ரெண்டு கட்டத்துக்குள்ள நெருக்கினா பாய்ச்சல் வந்திரும். ஒன் அணைக்குக் கீழ, பாறை ரெண்டு பக்கமும் நெருங்கி வார எடத்துல ஒரு கணவாய் இருக்கு பாரு, அங்க தண்ணி நொரை தள்ளிக்கிட்டுப் போகுது. அங்க நீ என்ன வெச்சிருக்க? பூச்செடி.

சக்கரத்தை அங்க எறக்கு. பாறை இல்லாத எடமா இருந்தா ரெண்டு பக்கமும் லெவி வெச்சு நீயே ஒடுக்கிக்க. லெவின்னா முழுக்கரை, ஒரு சொட்டும் விடாது. டேம்முன்னு நீ போடுதது வேற சாதி; அது நம்ம மறுகால் கல்லு மாதிரிதான், ஒரு கட்டத்துல 0.65 உயரம் வரைக்கும் தண்ணியைப் புடிச்சு வெச்சுட்டு மிச்சத்தை மேல வழியவிட்டிரும். இந்த வித்தியாசம் தெரியாம ரெண்டையும் கலந்து வெச்சுட்டு, "கரை ஒழுகுது"ன்னு ஒரு வாரம் என் உயிரை எடுத்த. ஆனா ஒடுக்குததுலயும் ஒரு அளவு வேணும். ரொம்ப நெருக்கினா வார தண்ணி போக எடமில்லாம மேல ஏறும், ஏறி கரை மறிஞ்சு ஒன் கேரட் வயலுக்குள்ள போகும். ஒவ்வொரு கட்டமாக் கொறச்சுப் பாரு. அதுக்கு அளவு பாக்க ஸ்ட்ரீம் கேஜுன்னு ஒரு கம்பம் இருக்கு. தண்ணியோட ஆழம், ஓட்டம், எல்லாத்தையும் காட்டும். அதை ஆத்துல நட்டுட்டு அப்புறம் சக்கரம் கட்டுதவன் விவரமானவன். ஆறு சக்கரம் கட்டிட்டு அப்புறமும் கம்பம் நடாதவனுக்கு என்ன பேரு வைக்கன்னு ஒங்க அத்தைகிட்ட கேட்டிருக்கேன். அவ ரெண்டு மூணு பேரு சொன்னா. வேண்டாம்.

இன்னொரு கூத்தும் பாத்தேன். ஊருக்குள்ள ஒரு கால்வாய் வெட்டியிருக்க. ஆத்துலருந்து பிரிஞ்சு, கிட்டங்கியைச் சுத்தி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, அங்கனயே முடிஞ்சு போகுது. அதுக்குள்ள ரெண்டு சக்கரம். தண்ணி வர வழி வெச்ச, போக வழி எங்க? நெறையுத மட்டும் கொஞ்ச நேரம் சுத்தியிருக்கும். நீ அதைப் பாத்து சந்தோசப்பட்டுப் படுக்கப் போயிருப்ப. நெறஞ்சதும் நின்னிருக்கும், நீ காலைல எந்திரிச்சு "பக்"குன்னு சொல்லியிருப்ப. கால்வாயோட வாலைக் கொண்டுபோய் ஆத்தோட கீழ்ப்பக்கத்துல சேத்துவிடு, இல்லன்னா வரைபடத்து ஓரத்துல கொண்டுபோய்க் கொட்டு. வடிகால் இல்லாத தண்ணி வேலை செய்யாது.

சக்கரத்தை வைக்குத தெசையும் பாத்துக்க. ஓட்டம் போற போக்குல வை. குறுக்க வெச்சா தண்ணி அது பாட்டுக்குத் தடவிட்டுப் போயிரும்.

ஒன் மேலயும் முழுக்கத் தப்புச் சொல்ல மாட்டேன். பீவரோட பழகுனா பீவரு புத்திதான் வரும். சுவீடன்ல லார்ஸ் வில்ஸன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தாரு. பீவரை வளத்துப் பழகிப் பாத்தவரு. ஓடுத தண்ணியோட சத்தத்தை டேப்புல பதிஞ்சு, ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சிருக்காரு. தண்ணியே இல்ல, வெறும் சத்தம். அதுங்க என்ன செஞ்சுது தெரியுமா? குச்சியும் சேறும் கொண்டுவந்து ஸ்பீக்கரையே அடைச்சிருக்கு. ஓடுத சத்தம் கேட்டா அதுங்களுக்குக் கை பரபரக்கும், அடைச்சு ஆகணும். அப்படி அடைச்சு அடைச்சுத்தான் கனடாவுல உட் பஃபலோ தேசியப் பூங்காவுல முக்கால் கிலோமீட்டருக்கும் மேல நீளமா ஒரு அணை கட்டி வெச்சிருக்குங்க. செயற்கைக்கோள் படத்தைப் பாத்துத்தான் மனுசனே அதைக் கண்டுபிடிச்சான். பீவருக்கு அது சரி. அதுக்கு வீட்டைச் சுத்தி ஆழமா, அசையாம தண்ணி வேணும். நரி வரக்கூடாது, வாசல் தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கணும். மாவு மில்லு வெக்கணும்னு எந்தப் பீவரும் கேக்கல. மில்லு கேக்குதவன் நீ. நீயும் சத்தம் கேட்ட எடத்துலயெல்லாம் அடைச்சுட்டு வந்தா எப்படி?

"எத்தனை சக்கரம் வைக்கலாம் மாமா, மொதச் சக்கரம் தண்ணியோட வலுவைக் குடிச்சிராதா?"ன்னு போன தடவை ஒரு நல்ல கேள்வி கேட்ட. நெசத்துல குடிக்கும். ஆனா டிம்பர்பார்ன்ல குடிக்காது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எத்தனை வெச்சாலும் தண்ணி அலுக்காது, மொதலாவதுக்குக் குடுத்த அதே ஓட்டத்தைக் கடைசிச் சக்கரத்துக்கும் குடுக்கும். அதனால ஒரு நல்ல கணவாய் கெடைச்சா அதுலயே வரிசையா எறக்கு, ஊரெல்லாம் தேடாத.

இதுல அந்தக் காலத்து ஆளுங்களுக்குத்தான் வயித்தெரிச்சல் வரும். ரோமாக்காரன் பிரான்சுல ஆர்ல் பக்கத்துல பார்பெகால்ங்குத எடத்துல 16 சக்கரம் வெச்சு மாவு அரைச்சான். மலைச்சரிவுல எட்டு எட்டா ரெண்டு வரிசை. மேல ஒரு சக்கரத்துல விழுந்த தண்ணி கீழ உள்ள சக்கரத்துக்கு விழும். ஒவ்வொண்ணுக்கும் உயரம் பாத்து எறக்கியிருக்கான், ஏன்னா விழுத உயரந்தான் அங்க வலு. 1759ல இங்கிலாந்துல ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரம் செஞ்சு அளந்து பாத்து, மேலருந்து தண்ணி விழுத சக்கரம், அடியில தண்ணி தள்ளுத சக்கரத்தைவிட ரெண்டு மடங்கு வேலை செய்யும்னு எடுத்துச் சொன்னாரு. ஒன் விளையாட்டுல அந்த நியாயம் செல்லாது. அருவிக்கு நேர் கீழ கொண்டுபோய் வெச்சா ஒசரத்துக்குன்னு தனியாக் கூலி தரமாட்டான். ஓட்டத்துக்கு மட்டுந்தான் கூலி. நீ இஞ்சினியரிங் படிச்ச ஞாபகத்துல அருவியைத் தேடி அலையுத. படிச்சது அங்க ஒதவாது, இங்கயும் பெருசா ஒதவுன மாதிரி தெரியல.

விளையாட்டுக்கு விளையாட்டு சட்டம் வேற. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்ஸுன்னு ஆடம்ஸ் சகோதரர்கள் செஞ்ச பழைய ஆட்டம் ஒண்ணு இருக்கு, 2006ல வந்தது. அதுல ஒரு சக்கரம் 100 சக்தி தரும், தனக்குன்னு 10 எடுத்துக்கும். தண்ணி ஏத்துத பம்பும் 10தான் திங்கும். அப்ப சக்கரம் பம்பை ஓட்ட, பம்பு தண்ணியைச் சுத்திவிட, அந்தத் தண்ணியே திரும்பச் சக்கரத்தை ஓட்ட, மிச்சம் 80 சும்மா வரும். ஆளுங்க அதை வெட்கமில்லாம கட்டிக்கிட்டு "ரியாக்டர்"னு பேரும் வெச்சிருக்காங்க. நீ அதைக் கேள்விப்பட்டுட்டு இங்க வந்து கோட்டை கட்டாத. டிம்பர்பார்ன் மெக்கானிக்கல் பம்பு தீனிப்பண்டாரம், நூத்துக்கணக்குல ஹெச்.பி. கேக்கும்.

இனி வறட்சி. ஊத்து நின்னா ஓட்டம் நிக்கும், ஓட்டம் நின்னா சக்கரம் நிக்கும். இதுல எவன் குத்தமும் இல்ல, ஆனி ஆடியில மழை பெய்யலைன்னு வானத்துக்கு மனு எழுதுவியா? ஆனா வறட்சி முடிஞ்சு தண்ணி வந்த பொறவும் சக்கரம் நிக்குன்னு அழுதியே, அதுக்குக் காரணம் நீதான். மேல பெரிய அணை கட்டியிருக்க. வந்த தண்ணி மொதல்ல அந்தக் காலிக் குளத்தை நெரப்பணும், நெரம்பி வழிஞ்சாத்தான் கீழ இருக்க சக்கரத்துக்கு வரும். அது வரைக்கும் பொறுமையா இரு; இல்லன்னா மதகைக் கொஞ்சம் தாத்தி வை. பக்கத்து மதகெல்லாம் சேந்து ஏறி எறங்குத மாதிரி ஒரு சுவிட்சு இருக்கு, அதைப் போட்டுக்க. ஒண்ணைத் தெறந்துட்டு மத்ததை மறந்து, ஒரு மூலையில மட்டும் தண்ணி பீச்சுதது அசிங்கமா இருக்கு.

வறட்சிக்குள்ளயும் சக்கரம் ஓடணும்னா தேக்குன தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா விடணும். விடலாம். ஆனா விட்ட தண்ணி வரைபடத்தைவிட்டு வெளிய போயிட்டா போனதுதான். அதனால சக்கரத்துக்குக் கீழ இன்னொரு குளம் கட்டு. சக்கரம் தண்ணியைத் திங்காது, தொட்டுட்டு விட்டிரும். மேக்குளத்துலருந்து எறங்குனது கீழ்க்குளத்துல நிக்கட்டும், குடிக்க அங்கருந்து இறைச்சுக்க. ஆழமான குளமாக் கட்டு. அகலமாக் கட்டுனா வெயிலு குடிச்சிரும். குடிக்கத் தண்ணியா, மில்லுக்குத் தண்ணியான்னு ஒரு நாள் வரும். அன்னைக்கு மில்லை நிறுத்திரு. பீவரு செத்த ஊருல பலகை யாருக்கு?

தண்ணி செவப்பா வந்தா மட்டும் பதறுத. கெட்ட தண்ணி வருத காலம் அது, பயிரைக் கருக்கும், பீவருக்கு நோய் குடுக்கும், குடிக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனா சக்கரத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, செவப்புத் தண்ணியிலயும் சுத்தும். ஊருக்கு வெளிய ஒரு தனிக் கால்வாய் வெட்டி, கெட்ட தண்ணி வந்தா அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அங்கயும் ரெண்டு சக்கரம் வெச்சிரு. நோயும் ஊருக்குள்ள வராது, மில்லும் ஓடும்.

மிஞ்சுன சக்தியைச் சேத்து வைக்க கிராவிட்டி பேட்டரி கட்டியிருக்கியே, நல்ல காரியம், ஒரு நல்ல வார்த்த சொல்லிக்கிடுதேன். ஆனா அதைத் தரையோட தரையாக் கட்டியிருக்க. அது பளுவைத் தூக்கி வெச்சுக்கிட்டு, தேவைப்படும்போது மெள்ள எறக்கிச் சக்தி தாரது. எறங்குததுக்கு ஆழம் வேணும்லா? பள்ளத்து ஓரத்துல, ஒசரமான எடத்துல வை. எறக்கம் எவ்வளவோ அவ்வளவு கொள்ளும். நீ ஆடுதது ஃபோக்டெயில்ஸ்ங்குத பீவருக் கூட்டம்னா காத்தாடியும் ரெண்டு நட்டு வை, தண்ணி இல்லாத நாளுக்கு ஆகும். அயர்ன் டீத் கூட்டம்னா கட்டையை எரிக்கிற எஞ்சின் இருக்கு. ஆத்தை மட்டும் நம்பி ஊரு கட்டாத.

இப்ப போ. அந்தக் குளத்துக்குள்ள நிக்க ஆறு சக்கரத்தையும் இடி. கணவாய்ல கேஜை நடு, ஓட்டம் என்னன்னு பாரு, மூணு சக்கரம் எறக்கு, ஆஸ்பத்திரி வாசல் கால்வாய்க்கு வடிகால் வெட்டு. அப்படியும் சுத்தலைன்னா வந்து கூப்பிடு, பாக்கேன். பகல்ல கூப்பிடு.